தண்ணி வராத நேரம்

...ஒரு பஸ் ஜனத்தையே சமாளிக்கிறவன் இந்த ஒன்றரை முழத்தைச் சமாளிக்க மாட்டேனா என்று காலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய்தானே இது, இப்போது என்ன ஆயிற்று அந்த வாய்க்கு, ராஜபாண்டி பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான், பிறந்து இரண்டு மாசமான உடம்பில் இம்புட்டுச் சத்தம் எந்த மூலையில் இருக்கிறது, ஏர்ஹாரன் தோற்றுப்போகும், பொண்டாட்டி கனகா பரீட்சை எழுதப் போயிருக்கிறாள், சர்க்கார் வேலை கிடைத்தால் நல்லதுதான், ஆனால் மதியம் அவள் வருகிற வரைக்கும் இவனுக்குக் காது இருக்குமா... பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, எறும்பு கடித்ததா என்று புரட்டிப் பார்த்தாயிற்று, ஒருவேளை சுளுக்கிக்கொண்டு உரம் விழுந்திருக்குமோ, மாமியார் இருந்தால் சேலையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டியிருப்பாள், அதற்கும் முனைக்கு ஒரு ஆளாக இரண்டு பேர் வேண்டுமே, மாமியார் மூத்த மகள் பிரசவத்துக்குக் கல்லுப்பட்டி போய்விட்டாள், இருப்பது இவன் ஒருத்தன், அதுவும் ராத்திரி டூட்டி முடித்து வந்து இன்னும் கண்ணை மூடாதவன்.

கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்து லேசாக ஊதினான், பொசுக்கென்று அழுகை நின்றது, அடடா, இது தெரியாமல் போயிற்றே, பாப்பா கண்ணை உருட்டிப் பார்த்தாள், அம்புட்டுத்தான், மறுபடி ஆரம்பித்துவிட்டாள். சரி, ரூட்டைச் சொல்லிப் பார்ப்போம், "திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோயில், சீவில்லிபுத்தூர், ராஜபாளையமேய்..." திருமங்கலம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தாள், கல்லுப்பட்டியில் அம்மாச்சியைப் பார்க்க இறங்கிவிட்டாள் போல, அதற்கப்புறம் ஒரே அலறல், ராஜபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இதைக் கனகாவிடம் சொல்ல வேண்டும், அவள் வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று, இப்போதெல்லாம் சாயங்காலமானால் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறவள் லேசில் திரும்புவதில்லை, அங்கே அப்படி என்னதான் இருக்கிறதோ...

வந்த சிரிப்பு எப்போது மாறியது? வெளியே கோரிப்பாளையம் ஜங்ஷனில் எவனோ ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை, உள்ளே இவள், மண்டைக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்தது, ஒரு கணம் நின்றபடியே தூங்கியிருப்பான், அதையும் அவள் விடவில்லை, "வாய மூடுறியா இல்லியா" என்று யாரோ கத்தினார்கள், யார் அது, இவன்தான், பாப்பாவை இரண்டு கக்கத்திலும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கியிருந்தான், விரல்கள் இறுகியிருந்தன, பிடித்து உலுக்கு, ஒரே ஒரு தடவை, நின்றுவிடும் என்றது கை... பாப்பாவின் தலை லேசாகப் பின்னால் சாய்ந்து ஆடியது, இன்னும் கழுத்து நிற்கவில்லையே இவளுக்கு, உலுக்கியிருந்தால் இந்தத் தலை என்ன ஆகியிருக்கும்? சட்டையைப் பிடித்த குடிகாரன் மேல்கூடக் கை நீட்டாதவன் என்று டிப்போவில் பேர் எடுத்தவன், இந்தக் கை யாருடையது? தலைக்கு அண்டை கொடுத்துப் பாய் நடுவில் படுக்க வைத்தான், அழுதால் அழட்டும், அழுவதால் ஒன்றும் ஆகாது, இந்தக் கையால்தான் ஆகும், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கீழ்வீட்டு மைமூன் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள், போச்சு, பெற்ற பிள்ளையைக் கத்தவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் என்று இனித் தெரு முழுக்கச் சிரிக்கும். "என்னண்ணே, உள்ள புள்ள அழுகுது, நீங்க இங்கன உக்காந்துருக்கீங்க?" ஏதாவது பொய் சொல்லலாம், சில்லறை தராமல் நூறு பொய் சொல்கிற வாயில் இப்போது உண்மைதான் வந்தது. "கைய நம்ப முடியலம்மா, அதான் எந்திரிச்சு வந்துட்டேன்." திட்டுவாள் என்று பார்த்தால் மைமூன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், "எனக்கும் வரும்ணே. இவனத் தொட்டில்ல போட்டுட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்குப் போயிருவேன். செத்த நேரம் நின்னா ஆத்திரம் அடங்கிரும்." குழாயில்தான் காலையைத் தவிர வேறு நேரத்தில் தண்ணி வராதே என்றான். "கொடம் கையில இருந்தா ஏன் நிக்கிறன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல," என்றவள் உள்ளே எட்டிப் பார்த்து, "நீங்க மொகத்தக் கழுவுங்க, நான் இருக்கேன்" என்று போய்ப் பாப்பாவைத் தூக்கினாள், அந்தக் கழுதையும் என்னவோ சொல்லிவைத்தது மாதிரி விக்கி விக்கி அடங்கிவிட்டாள், அப்பனிடம் காட்டிய வீரமெல்லாம் எங்கே போயிற்று?

முகம் கழுவ அடுப்படிக்குப் போனவன் மொள்ளப் போன கையோடு நின்றான். குடங்கள் எல்லாம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தன, காலையில் பிடித்தது, எப்போதும் காலையிலேயே பிடித்துவிடுவாள், கதவோரம் அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் குடம் மட்டும் காலியாக... அதைத்தானே சாயங்காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள், வெறுங்குடத்தோடு திரும்புவாள், தண்ணி வரல என்பாள், வராதுன்னு தெரிஞ்சும் போறாளே என் பொண்டாட்டி என்று டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தானே, சாயா குடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்களே... எத்தனை சாயங்காலம்?

படியில் செருப்புச் சத்தம், கனகாதான், பரீட்சை நல்லாயிருந்ததா என்று கேட்க வாயெடுப்பதற்குள் "அழுதாளா?" என்றாள், கேட்கும்போது அவள் பார்த்தது பாப்பாவை இல்லை, இவன் கையை. "அழுதா," என்றான், மைமூன் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், மறுபடி அழுதால் படி இருக்கிறது, மைமூன் இருக்கிறாள், அவன் பச்சைக் குடத்தை எடுத்துக் கனகாவிடம் நீட்டினான். அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, "இப்பத்தான வாரேன், அதுக்குள்ள தண்ணிக்கா? இந்நேரத்துக்கு வராது."

"வராதுன்னு தெரியும். சும்மா நின்னுட்டு மெதுவா வா."

கனகா குடத்தை வாங்கிக்கொண்டாள், ஆனால் போகாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.