இன்சுலினுக்குப் பங்காளி

தென்காசிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திவந்த நம்பிராஜனின் பெயர் நாற்பத்திரண்டு வயதுவரை அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கல்யாணப் பத்திரிகையில், கடைசி எழுத்து விழுந்துபோய். 1983 ஆனியில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: பட்டுப்பூச்சி மூளையில் இன்சுலினுக்கு உறவான ஹார்மோன் ஒன்று இருக்கலாம், ஐயாயிரம் தலைகளை ஐஸில் வைத்து அனுப்பினால், அனுப்பியவர் பெயர் கட்டுரையில் வரும்.

நம்பிராஜன் குற்றாலம் ரோட்டுப் பட்டுமுட்டைப் பண்ணைக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை ஐயாயிரம் தலை வேணும்" என்று கத்தினார். வெள்ளிக்கிழமை மத்தியானம், சர்பத் கடையில் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியோடு சாரலில் நனைந்தபடி போய் இறங்கினால், வாசலில் முசுக்கொட்டைத் தழை கட்டுக்கட்டாக ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"ஐயாயிரம் கட்டுக்கு எங்கன போக சார்வாள்? நூறுதான் தேறிச்சு," என்றாள் பண்ணையின் மேஸ்திரி ஆவுடைத்தாய்.

"தழை இல்லக்கா! தலை! பூச்சித் தலை!"

"தளைன்னுதான காதுல விழுந்துது. பண்ணைக்குப் போன் போட்டு எவன் தலை கேப்பான்?"

ழகரம் தன் வாயில் சுத்தமாக வரும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மனிதரை லகரம் காலை வாரிவிட்டது. முட்டையிட்டு முடித்த பூச்சிகளைச் சாயங்காலம் எரித்துவிடுவார்கள். ஆறு மணிக்கு ரயில்.

ஆவுடைத்தாய் ஐந்து பெண்களைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். நம்பிராஜனும் உட்கார்ந்தார். இருபத்தேழாவது தலையில் கண் இருட்ட, தழைக்கட்டின்மேல் சாய்ந்தார்.

"பூச்சிக்கே மயங்குதியளே, பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிய?"

"படம் போட்டுக் காட்டுவேன்க்கா. இதுக மூளையில இன்சுலின் மாதிரி ஒண்ணு இருக்கான்னு தேடத்தான் இம்புட்டுத் தலையும்."

"இந்தப் பூச்சிக்குச் சக்கர வியாதியா?"

"இல்ல. இன்சுலின்ங்கது ரெண்டு சங்கிலியக் கொக்கி போட்டுச் சேத்த மாதிரி இருக்கும். அதே அச்சுல, வேற வேலை பாக்குறது ஒண்ணுரெண்டு ஆம்புட்டிருக்கு. ஒண்ணு ஆளை வளத்தும். ஒண்ணு பிரசவத்துல இடுப்பெலும்ப நெகிழ்த்தும். பூச்சிகிட்டயும் அந்த வகையறா இருக்கான்னு பாக்கணும்."

"மொகச்சாடைய வச்சுப் பங்காளியத் தேடுதிய."

ஒரு மணி நேரப் பாடத்தை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"அந்த இடுப்புக்காரன் என் மூணு பிரசவத்துலயும் லீவுல போயிட்டான் போல," என்றாள். ஐந்து பெண்களும் சிரித்தார்கள்; கத்தரிக்கோல்கள் மட்டும் நிற்கவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டி நிறைந்தது.

ஸ்டேஷனில் பார்சல் சீட்டில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் 'நம்பி' வரை எழுதியவர் நின்றார். ஐயாயிரத்தில் அவர் பங்கு இருபத்தேழு. அடித்துவிட்டு, 'ஆவுடைத்தாய், பட்டுப்பண்ணை' என்று எழுதினார். அப்புறம், அப்படியொன்றும் பெரிய தியாகி அல்லவாகையால், அடியில் தன் பெயரையும் பொடி எழுத்தில் சேர்க்கப் பார்த்தார்.

"ஒரு பேருக்குத்தான் சார் இடம்," என்றார் குமாஸ்தா.

"நெருக்கி எழுதிக்கிடுதேன் அண்ணாச்சி."