அப்பொலெனாவின் வாசலில் நின்ற சுண்ணாம்புக் கோடு

"கழுவின கல்லு இன்னும் காயல, அதுக்குள்ள என்கிட்டயே கதை கட்டுறியா? ஒளிக்க ஒண்ணுமில்லாதவ, கோழி கூவுறதுக்கு முன்னாடி வாளியும் விளக்குமாறுமா நிப்பாளா?"

"ரொட்டி சுடுறவ அப்பதாங்க எந்திரிப்பா! உங்களை மாதிரி பீப்பாய்க்குப் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டுக் கிடந்தா ஊரு பட்டினிதான்!"

"பேச்ச மாத்தாத, அப்பொலெனா! கோடு எங்கேர்ந்து வருது? கோட்டை வாசல்லேர்ந்து. எங்க வந்து நிக்குது? உன் வாசல்ல. நடுவுல நான் யாரு? கேனப்பயலா?"

புரோகோப்பு எழுப்பிய இவ்வினாவுக்கு விடை கூற வல்லார் பலர் ஆங்குக் குழுமியிருந்தும், ஒருவரும் வாய் திறவாமல் நின்றது யாவொரெட்சு ஊராரின் பண்பாட்டுக்குச் சான்றெனக் கொள்க. மே முதல் நாளின் இளங்கதிர் அப்பொழுதுதான் கோட்டையின் உருண்டைக் கோபுர முடியைப் பொன்னாக்கி, அடிமதிலை இன்னும் இருளிலேயே விட்டு வைத்திருந்தது. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, பிறர் வீட்டுச் செய்தியை மோப்பம் பிடிக்க வந்ததே போலத் தெருத்தோறும் புகுந்து, பலகணிதோறும் நின்று, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அப்பனிக்கிடையே, கோட்டை வாயிலினின்றும் புறப்பட்ட வெண்கோடு ஒன்று, பால் குடித்த பாம்பென வளைந்து இறங்கிப் பாலத்தைக் கடந்து, கமுக்கம் காத்தமைக்காக ஆற்றில் எறியப்பட்ட புனித யோவானின் சிலையடியைச் சுற்றிக்கொண்டு (இவ்வூரில் கமுக்கம் காத்தவர் அவர் ஒருவரே, அவரும் கல்), ஊர்மன்றச் சுவரில் பதிந்திருக்கும் பழைய பீரங்கிக் குண்டின் கீழ் நழுவிக் கொள்ளைநோய் நீங்கிய நன்றிக்கு நிறுத்திய தூணை ஒருமுறை வலம் வந்து, ரொட்டிக்கடை அப்பொலெனாவின் வாசற்படியில் வந்து முடிந்திருந்தது.

ஏப்பிரல் கழிந்து மே பிறக்கும் இரவில், மறைவாய்க் காதல் கொண்டார் இருவர்தம் வாசல்களை ஊர்க்காளையர் சுண்ணாம்புக் கோட்டால் இணைத்து விடுவதும், வரைந்தவர் யாரென எவரும் வினவாமையும், வினவினும் அவர் கூறாமையும் இம்மண்ணின் மரபு. கோட்டின் ஒரு முனை கோட்டைக் காவலர் கிலியானின் வாயில். மறுமுனையாகிய அப்பொலெனாவோ, கணவனை இழந்து கடையைத் தனியளாய் நடத்தி, வருகின்ற தூய ஆவிப் பெருவிழாவில் மதுவடிசாலைத் தலைவன் புரோகோப்பை மணக்க நாள் குறித்திருப்பவள். ஆகவே வழக்கு இன்னதென்பது கற்றறிந்த உமக்கு விளங்கியிருக்கும். எம்மூர்க்கோ, விளங்கு முன்னரே தீர்ப்பும் கிடைத்துவிட்டது.

புரோகோப்பின் சினம் இருமடங்காதற்கு ஒரு பழங்காரணமும் உண்டு. முந்நூறு ஆண்டுகட்கு முன்னர், சுவீடன் படை இக்கோட்டையை முற்றுகையிட்டு அலுத்திருந்த நாளில், உள்ளிருந்த ஒருவர் சிறுவாயிலைத் திறந்து விட்டார். திறந்தவர் யார் என்பதே யாவொரெட்சின் வரலாறு, ஏனையவெல்லாம் அடிக்குறிப்பு. கோட்டையைச் சுற்றிக் காட்டும் கிலியான், "பீர் விக்கிறதுக்காகத் தொறந்து விட்டவன் ஒரு மதுவடிப்பவன்" என்று ஆண்டாண்டாய் வருவோர் போவோர்க்கெல்லாம் ஓதி வந்தார். அம்மதுவடிப்பவனின் வழித்தோன்றல் புரோகோப்பு. அன்றுதொட்டு அவ்விருவரும் ஒரே தேவாலயத்தில் இரு வேறு கடவுளரை வணங்குவார் போல் அமர்ந்திருப்பர்.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்று எல்லாரினும் ஓங்கி முழங்கியவள் புரோகோப்பின் தங்கை ஒட்டிலியா. மணமாகாதவள், அண்ணன் வீட்டை ஆள்பவள், தும்மினாலும் கைக்குட்டையால் வாய் பொத்தி அளவாய்த் தும்முபவள். "அண்ணின்னு கூப்பிட வாயைத் தொறந்து வெச்சிருந்தேனே! நல்லவேளை, கூப்பிடறதுக்குள்ள குட்டு ஒடைஞ்சுது. அண்ணே, வாங்க, கஞ்சி ஆறுது!" என்று அவள் அண்ணன் கையைப் பற்றி இழுத்தாள்.

அப்பொலெனாவுக்கு அப்பொழுதுதான் தான் இழைத்த பிழை முழுவதும் உறைத்தது. அவள் வீட்டின் கீழ்த்தளம் ஊர்ப்பொது வழி. சதுக்கத்து வாசலில் நுழைந்தால் வளைவுக் கூடத்தின் ஊடே பின்முற்றம் செல்லலாம். முற்றத்தின் எதிர்ப்புறம் புரோகோப்பு வீட்டுக் கொல்லைக் கதவு. வைகறையில் அடுப்பு மூட்ட எழுந்தவள், அக்கொல்லைக் கதவிலிருந்து தன் கூடம் வரை வெண்கோடு ஓடியிருப்பதைக் கண்டு, நாள் குறித்த தங்கள் இருவரையும் பையன்கள் நகையாடினர் என நினைந்து, முகம் சிவந்து, உள்ளூர மகிழ்ந்து, ஊர் எழுமுன் அதனைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். அக்கோடு அவள் வாசலைத் தாண்டிச் சதுக்கத்தில் எட்டிப் பார்த்ததை மட்டும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. தன் நாணத்தைக் கழுவுவதாக எண்ணித் தனக்கிருந்த ஒரே சான்றைக் கழுவினாள்.

"அந்தக் கோடு என் வாசல்ல நிக்கலங்க. கூடத்து வழியா முற்றத்துக்குப் போச்சு. நான்தான் தெரியாம கழுவிட்டேன்."

"முற்றத்துல என் வீட்டைத் தவிர வேற என்ன இருக்கு? கோழிக்கூடா? சேவல்தான் கோட்டைக்குத் தூது விட்டுச்சா?" என்று புரோகோப்பு நகைக்க, கூட்டமும் நகைத்தது. ஒட்டிலியா மட்டும் நகைக்கவில்லை. கஞ்சி ஆறுவதை மீண்டும் நினைவூட்டினாள்.

ஐயம் என்பது ஒருவரிடமிருந்து ஒருவர்க்குக் கொட்டாவி போற் பரவும் இயல்பினது. எல்லாரும் கலைந்தபின், ஈரக்கல்லின்மீது தனியளாய் நின்ற அப்பொலெனா தானும் ஐயுறத் தொடங்கினாள். கோட்டின் ஒரு முனை கோட்டை; மறுமுனை புரோகோப்பின் கொல்லைக் கதவு. கோட்டையில் காவலர் மட்டுமா வாழ்கிறார்? கொழுகொழுவெனச் சிவந்த சமையற்காரி தெக்லாவும் வாழ்கிறாள். கோட்டைக்கு பீர் பீப்பாயை ஆள்விட்டு அனுப்பாமல் புரோகோப்பு தானே வண்டியோட்டிச் செல்வது எதற்கு? சென்ற கிழமை அவன் மேலங்கியில் சோம்பு மணத்ததே, அது எவள் அடுப்பின் சோம்பு? குற்றமில்லாத மனிதன் இவ்வளவு உரக்கவா கத்துவான்? இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாய் நூல் பிரிந்து நீள, மாவு படிந்த முன்துணியைக் கழற்றாமலே அவள் கோட்டின் வழி மேலேறினாள். பலகணித் திரைகள் ஒவ்வொன்றாய் விலகின. அத்துணை திரைகளுக்குப் பின்னும் அன்று எவர்க்கும் வேறு வேலை இருந்ததாய்த் தெரியவில்லை.

கோட்டை முற்றத்தில் விடுமுறைக்கு வந்த வெளியூரார் சிலரை நிறுத்தி வைத்து, கிலியான் சிறுவாயிலைச் சுட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பொலெனா தூண் மறைவில் நின்றாள்.

"இந்தச் சின்ன வாசலைத் தொறந்து விட்டவ, பாருங்க, ஒரு ரொட்டிக்காரி. அடுப்புக்கு விறகு தீந்து போச்சு. எதிரி விறகு தர்றேன்னான். தொறந்துட்டா."

"போன வருசம் வந்தப்ப மதுவடிக்கிறவர்னு சொன்னீங்களே ஐயா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கிலியானின் காதுகள் இரண்டும் சிவந்தன. "அது வந்து... புதுசா ஆராய்ஞ்சு பாத்ததுல தெரிஞ்சுதுங்க. அந்த மதுவடிக்கிற குடும்பத்துல எல்லாருமே தங்கமானவங்க. அதுலயும்..." என்றவர் மிச்சத்தை விழுங்கி, கைதிகளை வாட்டிய பட்டினிக் கோபுரத்தின் பக்கம் அவர்களை ஓட்டிச் சென்றார்.

தூண் மறைவில் நின்றவளுக்கு முதலில் எழுந்தது சினமே. முந்நூறு ஆண்டுப் பழி ஒரு குளிர்காலத்துக்குள் தன் தொழிலின் தலையில் வந்து விழுந்திருப்பதை எவள் பொறுப்பாள்? சினம் தணிந்த இடத்தில் தெளிவு பிறந்தது. ஊர் சொல்வதுபோல் கிலியான் தன்மேல் காதல் கொண்டவனாயின் ரொட்டிக்காரியைக் காட்டிக் கொடுப்பானா? மதுவடிப்போர் குடியை மாசறத் துடைத்து வைக்க இவனைத் தூண்டியது யார்? புரோகோப்பின் மீசையன்று என்பது உறுதி. அக்குடியில் மீசையில்லாதவள் ஒருத்தியே.

அவள் இறங்கி வந்தபோது, வளைவுக் கூடத்தின் நிழலில் ஒட்டிலியா காத்திருந்தாள்.

"மேல போனியாமே? என்ன சொன்னாரு?"

"உன் குடும்பமே தங்கம்னாரு. காதெல்லாம் செவந்து போச்சு மனுசனுக்கு."

ஒட்டிலியா அவள் கையைப் பற்றினாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. கோட்டைக்காரர் பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விடுறவரு. என்னை வீட்டுல வெச்சிருக்க மாட்டாரு."

"இப்ப மட்டும் அண்ணியா? காலையில அந்த வாய்தானே ஊரைக் கூட்டுச்சு?"

"பழி உங்க வாசல்லயே நின்னுட்டா என் வாசலுக்கு வராதுன்னு நெனச்சேன். நீங்க எப்படியாச்சும் சமாளிச்சுப்பீங்க. எனக்குச் சமாளிக்கத் தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன், ஒட்டிலியா. கோள் சொல்லிப் பிடிக்கிற புருசன் எனக்கு வேணாம். ஆனா நீ சும்மா இருந்தா, எனக்குக் கல்யாணம் இல்ல. அதையும் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இரு" என்று கூறிவிட்டு அப்பொலெனா உள்ளே சென்று, கசகசாப் பணியாரத்துக்கு மாவு பிசையத் தொடங்கினாள். பிசைந்த வேகத்தில் அன்றைய பணியாரம் கல்லாயிருந்ததென்பது உண்டவர் கூற்று.

நண்பகல் மணி ஒலித்து, சதுக்கம் மீண்டும் நிறைந்திருந்த வேளையில், மதுவடிசாலைச் சுவர்க்குப் பூசும் சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் ஏந்தி, தலைமுக்காட்டை இறுகக் கட்டி, ஒட்டிலியா சதுக்கத்தின் நடுவே வந்தாள். வெயில் வெளிச்சத்தில் தன் கோட்டைத் தானே வரைந்தவள் அவ்வூர் வரலாற்றில் அவளொருத்தியே. கோடு நின்றிருந்த வாசற்படியிலிருந்து தொடங்கினாள். கூடத்தைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, தன் வீட்டுக் கொல்லைக் கதவு வரை கொண்டு சேர்த்து, தூரிகையைப் படியில் வைத்து நிமிர்ந்தாள். பின்தொடர்ந்த ஊர் முற்றத்தில் முண்டியடித்து நுழைந்தது.

"சேவல் இல்ல அண்ணே. நான்தான்" என்றாள்.

புரோகோப்பின் முகம் வெளுத்துச் சிவந்து, பின்னர், அடைத்த தாழ் திறந்தாற்போல் மலர்ந்தது. தங்கையை வைய வேண்டுமென்பதையும் மறந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பொலெனாவை நோக்கி விரைந்தான். "அப்ப நீ சுத்தமானவதான்! நான் அப்பவே நெனச்சேன். பெருவிழாவுக்குச் சொன்னபடி..."

"எப்ப நெனச்சீங்க?" என்றாள் அப்பொலெனா. "காலையில கோடு ஒண்ணு சொல்லுச்சு, நம்புனீங்க. மத்தியானம் வேற சொல்லுது, அதையும் நம்புறீங்க. நான் பொழுது விடிஞ்சதுலேர்ந்து ஒரே பேச்சைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன்தான், இல்லேங்கல. ஆனா மலையேறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன். நீங்க நின்ன எடத்துலேர்ந்து நகரல. சுண்ணாம்புக்கு இருக்குற மரியாதை என் வாய்க்கு இல்லன்னா, சுண்ணாம்பையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க."

ஐயம் தீர்ந்த இடத்தில் அன்பு தானே முளைக்கும் என எண்ணுவார் உலகில் பலர். தீர்ந்த ஐயமும் தான் அமர்ந்திருந்த இடத்தை நெடுநாள் வெறுமையாகவே விட்டுச் செல்லும் என்பதை அறிந்தார் சிலர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒட்டிலியா, கிலியானைக் கோட்டைக் கோயிலில் மணந்து, வாயில்மேல் மாடத்துக்குக் குடி பெயர்ந்தாள்; அண்ணன் ஒரு பீப்பாய் அனுப்பினான், தான் வரவில்லை. எக்குற்றமும் அறியாத சமையற்காரி தெக்லா, ஊர் தன்னைப் பார்த்த பார்வையைப் பொறாது வியன்னாவுக்கு வேலை தேடிப் போனாள். அப்பொலெனா பனி உருகுமட்டும் கடையை நடத்தி, பின்னர் அதனை விற்று, மரத்தெப்பம் ஓட்டும் வென்டெலின் என்பானை மணந்து, ஆற்றோடு கீழிறங்கிச் சென்றாள். நன்றாயிருக்கிறாள் என்பர், எவரும் போய்ப் பார்த்திலர். புரோகோப்போ இன்னும் மணமாகாதவன். அண்டை ஊர்களில் மூன்று நான்கு இடத்தில் பெண் பார்த்தான். எல்லா இடத்திலும், "இந்த வாசலுக்கு எப்பவாச்சும் சுண்ணாம்புக் கோடு வந்ததுண்டா?" என்று அவன் வாய் திறந்து கேட்ட முதற்கேள்வியிலேயே பேச்சு முறிந்ததாகக் கேள்வி.