சம்பந்தியின் பாஸ்போர்ட்

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பாஸ்போர்ட்டையெல்லாம் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். விமான நிலையத்தில் என் மேசைக்கு 'சந்தேக மேசை' என்று பெயர். முன் கவுண்டரில் யார் மேலாவது லேசாகச் சந்தேகம் வந்தால் ஆளை என்னிடம் தள்ளிவிடுவார்கள். வீட்டில் பால் பாக்கெட்டை நீட்டினாலும் தேதி பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். "கட்டின பொண்டாட்டியையே நம்பாத மனுஷன்" என்பாள் என் மனைவி. நம்பாததுதான் என் பிழைப்பு, என்ன செய்ய?

அன்று காலை வந்து இறங்கியவர் என் மகளுக்கு மாமனார் ஆகப்போகிறவர். வெளிநாட்டில் கடை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் கல்யாணம். முன் கவுண்டரில் முத்திரை குத்தி விட்டுவிட்டார்கள். நேரே வெளியே போயிருக்கலாம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"சம்பந்தி! நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

நானும் விளையாட்டாகத்தான் வாங்கினேன். கை பழக்கதோஷத்தில் முதல் பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்தது. அதிலுள்ள சின்னம் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். மாறவில்லை. மறுபடி சாய்த்தேன். பச்சை பச்சையாகவே இருந்தது.

"இதை எங்கயாச்சும் குடுத்து வச்சீங்களா?"

"போன மாசம் ஒரு ஓட்டல்ல கேட்டாங்க. காலைல வாங்கிட்டு மறுநாள் திருப்பிக் குடுத்தாங்க. ஏன்?"

போச்சு. அசலை வைத்துக்கொண்டு போலியைக் கொடுத்திருக்கிறார்கள். அசலில் தங்கள் ஆளின் படத்தை ஒட்டி, நம் நாட்டுக்காரன் என்று உளவு பார்க்க அனுப்பும் கூட்டம் ஒன்று இருக்கிறது. மாதாமாதம் எங்களுக்கு எச்சரிக்கை வரும்.

சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. கை வரவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டு, "இவர் எனக்குச் சம்பந்தி ஆகப்போறவர். நான் இதைத் தொடக் கூடாது, நீங்களே பாருங்க" என்றேன்.

சம்பந்தியை உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.

"திருடன் மாதிரி உக்கார வச்சுட்டீங்களே!" என்றவர், என் காதுபடவே வீட்டுக்கு ஃபோன் போட்டார். "கல்யாணத்தை நிறுத்திடு. இவங்க சகவாசமே வேண்டாம்."

மகளுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "மாமா ஏதாவது சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு மேலதிகாரி ஒரு தாளோடு வந்தார். பாஸ்போர்ட் எண்ணை முடக்கி எல்லா நாட்டுக்கும் செய்தி அனுப்பியதில், எங்கோ ஒரு எல்லையில் அசல் சிக்கிவிட்டது. பெயர் சம்பந்தியுடையது, முகம் வேறொருவனுடையது, பையில் ஒரு ராணுவ முகாமின் படங்கள்.

"ஒரு நாள் விட்டிருந்தா, அவன் பண்ணினதெல்லாம் உங்க தலையிலதான் விடிஞ்சிருக்கும்" என்றார் அதிகாரி.

சம்பந்தி தாளை இரண்டு தரம் படித்தார். "ஆள் எப்படி இருக்கான்?"

"தலை நிறைய முடி சார்."

"அப்ப நான் இல்ல" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். அறையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் மறுபடி ஃபோனை எடுத்தார். "இங்க பாரு, கல்யாணம் நடக்குது. ஆமா, காலைல நிறுத்தச் சொன்னேன், இப்ப நடத்தச் சொல்றேன். இல்லடி, அவர் மன்னிப்பெல்லாம் கேக்கல. பக்கத்துல உக்காந்து அழுதுட்டிருக்கார். இரு, கண்ணைத் துடைச்சுக்கட்டும், ஃபோனைக் குடுக்கறேன்."