இரண்டு விண்ணப்பம், ஒரு பதில்

அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தது அப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பயந்து நடுங்குகிறவர்கள் பக்கத்தில் நாள் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். வீட்டில் மகள் கால் ஆட்டினால் மட்டும் பொறுக்காது. பதினேழு வயதாகியும் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் அண்ணனின் லேப்டாப்பைத் திறந்து ப்ரோக்ராமிங் கற்கத் தொடங்கினாள்.

அண்ணன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனுடைய பாஸ்வேர்டு பைக் நம்பர்தான் என்பது வீட்டுக்கே தெரிந்த ரகசியம். அவன் பந்து விளையாடப் போகிற மாலைகளில் அவள் இலவச வீடியோக்களைப் பார்ப்பாள், நிறுத்துவாள், தானே அடித்துப் பார்ப்பாள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், திரை சிவப்பாகத் திட்டும். எழுந்து சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பாள். நடுவழியில் பொறி தட்டும், ஓடி வருவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நிற்பாள்.

கற்றதை வைத்து அப்பாவின் பள்ளிக்கு ஒரு ப்ரோக்ராம் செய்தாள். யாருக்கு எந்தக் காரில் எப்போது வகுப்பு என்று அது போனிலேயே காட்டும். முதல் வாரமே ஒருவர் வகுப்பு முடியுமுன் அதே காருக்கு அடுத்தவரை வரச் சொல்லிவிட்டது. மாமியார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மருமகள் வந்து நின்றாள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சேர்ந்திருந்தார்களாம். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் அப்பா விழிபிதுங்கினார். அந்தத் தவறைத் தேடித் தேடித் திருத்திய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்தச் சமயத்தில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனம் விடுமுறையில் வேலை பழக மாணவர்கள் தேவை என்று அறிவித்தது. செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அண்ணன்தான். அன்றே விண்ணப்பித்தான். மறுநாள் அவளும் விண்ணப்பித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அனுப்புவதற்கு அவளிடம் இருந்தது அப்பா பள்ளிக்குச் செய்த அந்த ப்ரோக்ராம் ஒன்றுதான்.

நேர்காணலுக்கு வரச் சொல்லி அவளுக்கு மட்டும் பதில் வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள் அதை யாருக்கும் காட்டாமல் மறைத்தாள். அண்ணன் போனைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். உடம்புக்கு என்னடி என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில், அவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றாள்.

"அண்ணா, அந்த கம்பெனிக்கு நானும் போட்டேன். என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

அவன் முடிச்சைப் போட்டான். அவிழ்த்தான். மறுபடி போட்டான்.

"எதுல கத்துக்கிட்ட?"

"உன் லேப்டாப்லதான்."

எழுந்து வெளியே போய்விட்டான். அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. லேப்டாப்பும் பையில் ஏறி அவன் கூடவே போய் வந்தது. நேர்காணல் வரைக்கும் அவள் குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றினாள்.

நேர்காணல் செய்த மேலாளர் அம்மாவின் வயதுப் பெண். மாமியார் மருமகள் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தவறு எங்கே இருந்தது என்றார். வகுப்பு தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்தேன், முடியும் நேரத்தைப் பார்க்கவில்லை என்று அவள் எழுந்து நின்று மேலாளரின் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டாள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தால் இது ஏன் திணறும் என்று கேட்டார் மேலாளர். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல மேடம். எங்க அண்ணனுக்குத் தெரியும்."

"அப்போ அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோ" என்றார் அவர். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று பஸ்ஸில் வழி முழுக்கக் குழம்பிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அண்ணன் அறைக்குப் போய்க் கேட்டேவிட்டாள். அவன் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினான். ஒவ்வொரு புதுப் பெயருக்கும் உன் ப்ரோக்ராம் பழைய பெயர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்க்கிறது, நேரப்படி அடுக்கி வைத்தால் அந்தப் பாடு வேண்டாம் என்று படம் போட்டுக் காட்டும்போது குரல் தானாக இளகிவிட்டது.

"இதுகூடத் தெரியாம எப்படி உன்னைக் கூப்பிட்டாங்க?" என்றான். பிறகு அவனே சொன்னான். "எனக்குப் பரீட்சை எழுத வரும். சொந்தமா ஒண்ணும் செஞ்சதில்ல. அனுப்பறதுக்கு மார்க்கைத் தவிர எங்கிட்ட எதுவும் இல்ல."

அவன் படத்தை அவள் பக்கம் தள்ளினான்.

அந்த வாரக் கடைசியில் தேர்வான செய்தி வந்தது. கூடவே ஒரு குண்டும்: சொந்த லேப்டாப்புடன் வர வேண்டும். அண்ணன் செய்தியைப் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தான்.

"பகல்ல நீ வச்சுக்க. சாயங்காலம் ஆறு மணிக்கு என் கைக்கு வந்துடணும். நானும் ஒண்ணு செய்யப்போறேன்."

"என்னது?"

"முடியட்டும், சொல்றேன்."

முதல் நாளே ஒரு வேலை தந்தார்கள். ஒரு மருத்துவமனைத் திரையில் நாளை வர வேண்டிய நோயாளிகளின் பெயர் இன்றே வருகிறது, ஏன் என்று பார். நாள் முழுக்கத் தேடியும் பிடிபடவில்லை. பஸ் வேறு நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கிய இடத்திலிருந்து பையை அணைத்துக்கொண்டு ஓடினாள். அண்ணன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

கொடுத்தாள். அவன் ஆறைத் தாண்டிவிட்ட கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போய், இன்று பிடிபடாததைப் பற்றிக் கேட்கலாமா என்று அவன் கதவுக்கு வெளியே நடக்க ஆரம்பித்தாள்.