களிம்பு ஏற்றிய காசு

உத்திரமேரூர் ஏரியில் வண்டல் வெட்டின கோடையில், லீலாவதியின் மண்வெட்டி பட்டு ஒரு கலயம் உடைந்தது. உள்ளே பச்சைப்பசேலென்று ஒரு பிடி செப்புக்காசு. ஒரு பக்கம் காளை, மறுபக்கம் ஏதோ எழுத்து. காளை இருந்தால் சாமிக் காசுதானே? அன்று வெள்ளிக்கிழமை வேறு. பூசைச் செம்பு துலக்கின கையோடு, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்நாரால் தேய்தேய் என்று தேய்த்து, பளபளவென்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நம்மில் யாராயிருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம், சொல்லுங்கள் கண்ணுகளா.

அவள் புருஷன் தேவராஜன் வாலாஜாபாத் போய், பழங்காசு வாங்கும் அஹமது பாட்சாவிடம் பொதுவாக விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தான்.

“துலக்கின காசு செத்த காசாம்டி. மண்ணுல ஏறுன பச்ச அப்டியே இருந்தாதான் வெலயாம். உன் தையல் மிஷின நீயே தேச்சிக் கயுவிட்ட.”

சேற்றில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் புண்ணாகிப்போன கால் லீலாவதிக்கு. இனிமேல் நடவுக்குப் போகாமல், ஒரு தையல் மிஷின் வாங்கி வீட்டோடு தைத்துப் பிழைக்கலாம் என்று அந்தக் காசுகளைத்தான் நம்பியிருந்தாள்.

“வுடு, பச்சய நான் ஏத்துறேன்” என்றான் தேவராஜன்.

ஏற்றினானே, அதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. நாள்பட்ட மாட்டு மூத்திரம், கல் உப்பு, கோழி எச்சம், கெட்டுப்போன மோர், எல்லாம் ஒரே சட்டியில். காசுகளை அதில் ஊறப்போட்டு மாட்டுக்கொட்டகையில் மூடிவைத்தான். மேலே புழு நெளிந்தது. விரலை விட்டுக் கிளறுவான். வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே சோற்றுக்கு உட்காருவான். அவள் ரசம் வைத்தால் ரசத்திலும் அந்த வாடைதான் அடித்தது.

பச்சை ஏறியது. பாட்சாவும் வந்தார். காசை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“திமிலு தேயல, கொம்பு முழுசா கீது. நல்ல காசு. இப்ப மேல்தோல பாக்கலாம்.”

கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, காசின்மேல் அழுத்தித் தேய்த்தார். மண்ணில் ஏறின பச்சை கல்லு மாதிரி அசையாதாம். அதற்கான சோதனை அது.

“கொஞ்சம் எறங்குதே?”

“மேல்மண்ணு பாய்” என்றான் தேவராஜன், கண்ணிமைக்காமல்.

அடுத்த காசு. அதே விரல், மறுபடி நாக்குக்குப் போயிற்று. நாக்கு நுனியில் பச்சை ஒட்டியிருந்தது. “உப்புக் கரிக்குதேப்பா” என்று சப்புக்கொட்டினார்.

லீலாவதி வேலியோரம் ஓடிக் குமட்டினாள்.

“இன்னா தங்கச்சி, நல்ல சேதியா?”

“ஆமா பாய், மசக்க” என்று தேவராஜன் இளித்தான்.

“மாஷா அல்லா! சொகமா பெத்துப் பொயைக்கணும்” என்று அந்தப் பச்சை நாக்கால் மனசார வாழ்த்திவிட்டு, அவர் விரலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

“பாய்! வாயில வெக்காதீங்க! அது மாட்டு மூத்தரம். நான் தொலக்கிட்டேன், இந்தாளு ஊறவெச்சிட்டான்!”

பாட்சா துப்பினார், துப்பினார், துப்பிக்கொண்டேயிருந்தார். அவள் மொண்டு கொடுத்த தண்ணீரெல்லாம் கொப்பளித்தே தீர்ந்தது. கடைசியில் ஒரு காசைத் தேய்த்துத் துடைத்துக் காட்டினார். காளையின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது.

“தொலக்கினதுன்னு சொல்லியிருந்தாகூட ஏதோ ஒரு வெலைக்கு எடுத்திருப்பேன், தங்கச்சி. இது உப்பு துன்ன காசு. எவன்கிட்ட நான் இத நீட்டறது?”

தேவராஜனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

“மிஷினுக்கு உன் வாயாலயே சங்கு ஊதிட்ட. பேஜாரு புடிச்சவளே!” தேவராஜன் காசுகளைப் பொறுக்கித் திரும்பவும் சட்டிக்குள் போட்டான். “கெடக்கட்டும். செங்கல்பட்டுல ஒருத்தன் கீறான். அவன் வர்றப்ப நீ வூட்லயே இருக்காத. பசிக்குது, சோத்தப் போடு.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நகக்கண்ணெல்லாம் பச்சை.

லீலாவதி அவனுக்குத் தட்டை வைத்தாள். சோற்றைப் போடவில்லை; பானையோடு நகர்த்திவைத்தாள். தன் பங்கை மட்டும் ஒரு கிண்ணத்தில் அள்ளி மூடிக்கொண்டு எழுந்தாள்.

“எங்கடி போற?”

“அடுத்த வூட்டு செங்கேணிகிட்ட. உன் பக்கத்துல குந்திக்கினு துன்ன முடியாதுய்யா.”

நாளைக்கும் சேற்றில்தான் இறங்கவேண்டும், அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் சோறு உள்ளே இறங்கியது.