குடுவைக்குள் ஐந்தருவி

1

இந்தக் கதை எனக்குக் குற்றாலத்து ஐந்தருவியில் கிடைத்தது. எல்லாரும் அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றபோது, ஒரு பெண் மட்டும் ஒதுங்கி நின்று ஒரு குழாயை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சாரலோட சேந்து என்னென்ன நம்ம மூச்சுக்குள்ள போவுதுன்னு பாக்குதேன்" என்றாள். நிஜம் அவ்வளவுதான். ஜுஹைனா என்ற பெயரிலிருந்து மற்றதெல்லாம் என் கற்பனை.

2

தென்காசிக் கல்லூரி ஆய்வகத்துக்குள் அன்று மழை பெய்துகொண்டிரு—

(அடித்துவிட்டேன். ஆனாலும் அது முழுப் பொய்யில்லை. மேசைமேல் இருந்த நெபுலைசர் செய்வது ஏறக்குறைய அதைத்தான். கண்ணாடிக் குடுவைத் தண்ணீரைக் காற்று வேகமாக அடித்துக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கும். துளி காய்ந்ததும் தண்ணீரில் கரைந்திருந்தது தூசியாக மிஞ்சும். பக்கத்துக் கருவி அதை எண்ணும்.)

முதலில் கேனில் இருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். அதில் தூசி ஏறக்குறைய இல்லை என்று வந்தால்தான் கருவியை நம்பலாம். ஜுஹைனாவுக்கோ எண்கள் மளமளவென்று ஏறின. குழாய்களை இறுக்கினாள். குடுவையைக் கழுவினாள். மறுபடியும் ஏறின. கருவி இரவல். சரியாக ஓடவில்லையென்றால் சென்னைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவார் பேராசிரியர். அதோடு இந்தச் சீசன் போய்விடும். ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளும்.

3

இங்கே எபனேசர் வருகிறார், தேநீரோடு. ஆய்வகத்தின் தற்காலிக உதவியாளர்.

"என்னம்மா, குடுவ கோவிச்சிக்கிட்டா?"

"சுத்தமான தண்ணிக்கே இம்புட்டுத் தூசி காட்டுது அண்ணாச்சி. மெஷின்தான் கோளாறு."

"அப்ப மெஷின்தான். தண்ணியச் சொல்லாதிய. கேன் காலியாக் கெடந்துச்சுன்னு காலையில நாந்தான் ரொப்புனேன்."

"எங்க வாங்குனிய?"

"வாங்குததா? கடைத்தண்ணிய எவன் நம்புவான்? இது ஐந்தருவித் தண்ணிம்மா. குளிக்க ஆளு வரதுக்கு முன்ன, பாறையில விழும்போதே பிடிச்சது!"

ஜுஹைனா குடுவையைப் பார்த்தாள். மலையின் உப்பும் மண்ணும் கரைந்த தண்ணீர்! எதை அளக்க வந்தாளோ அதையே ஊற்றிவிட்டு, ஏன் தூசி வருகிறது என்று மெஷினை மிரட்டியிருக்கிறாள். கோபப்படத்தான் வாயெடுத்தாள், சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அருவிக்குப் பக்கத்து இலஞ்சிக்காரி. உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் எது என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

(எபனேசரை ரொம்ப நல்லவராக்கிவிட்டேனோ என்று சந்தேகம். ஆகவே ஒரு குறையும் வைக்கிறேன்: எதையும் கேட்டுச் செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது.)

4

கைபேசி அடித்தது. பேராசிரியர். கைகள் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கருவி நல்லாருக்கு மேடம். தண்ணிதான் மாறிப்போச்சு. அருவித் தண்ணி."

"அருவித் தண்ணியா? யார் ஊத்தினது? நீன்னா கருவியை இன்னைக்கே திருப்பி அனுப்பிடு. வேற ஆளுன்னா அவர் இனிமே லேப் பக்கமே வரக் கூடாது. யாரு?"

எபனேசர் தேநீர்த் தட்டோடு கைபேசிப் பக்கம் திரும்பினார்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் பெயரைச் சொல்கிறாள். உண்மைதான். ஆனால் இருட்டோடு எழுந்து போய் அவர் பிடித்து வந்த அக்கறை அந்த உண்மைக்குள் வரவில்லை.

ஆ) "நாந்தான் மேடம்" என்கிறாள். பொய் என்று ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் கேனில் இருப்பது என்னவென்று பார்க்காமல் குடுவையில் ஊற்றியது அவள்தானே? அன்புக்காகச் சொல்லும் பாதி உண்மையை ஆண்டவன் எப்படி எடுத்துக்கொள்வான்? எனக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

இப்படி யோசித்துக்கொண்டே நிமிர்ந்தால், எபனேசர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை நோக்கி வருகிறார். அவரை நான் நகரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்று ஜுஹைனா தலையசைக்கிறாள். அதையும் நான் எழுதவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள்.

யார் முந்தினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.