நாலு முதலாளிகள்

ப்யூ இசை அகாதெமியில் ப்யூவைத் தவிர எல்லாருக்கும் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும். அவர் அதற்கு முன்பு சமையலறை அலமாரிகள் விற்றுக்கொண்டிருந்தவர். பள்ளிகளுக்கு இசை ஆசிரியர்களை அனுப்பப் பணமில்லை என்று கவுன்சில் கைவிரித்த வருஷம், வேல்ஸ் நாட்டு ஆபெர்வென் ஊரின் கடைத்தெருவில் மூடிக் கிடந்த பேங்க் கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்தார். வேலை போய்த் தெருவில் நின்ற ஆசிரியர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.

குடும்பத்தினருக்கு அரை மணி நேரக் கணக்கில் கூலி. வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அரை மணிக்குக் கூலி கிடையாது. வேல்ஸ் ரக்பி ஆடும் சனிக்கிழமைகளில் ஊரே தொலைக்காட்சி முன்னால் கிடக்கும். அன்றைக்கும் கிடையாது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஆசிரியர்கள் பெற்றோரிடம் கட்டணம் பற்றிப் பேசக் கூடாது.

கிளாரினெட் சொல்லிக்கொடுத்த டெலித் போவன் பதினோரு வருஷமாக அந்த வரியை மீறியதில்லை. யாரும் தடுக்காவிட்டாலும் பேசியிருக்க மாட்டாள். சங்கீதம் கற்றவள் காசைப் பற்றி வாயைத் திறப்பது அசிங்கம் என்று அவளுக்கு வளர்ப்பு. இசைக்காரர்களின் இந்த நாகரிகம் ப்யூவுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கார் ஓடியதே அதில்தான்.

ஒரு நவம்பர் மாலை ஷோனெட் என்ற பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவள் மகள் கேட்ரின் இரண்டு வருஷமாக டெலித்திடம் படிக்கிறாள். கிளாரினெட்டை வாயில் வைத்தால் வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் எப்போதாவது நாலு சுரம் வரும். அந்த நாலு சுரத்துக்காக டெலித் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பாள்.

"மிஸ் போவன், அடுத்த வாரத்துலேர்ந்து கேட்ரின் வர மாட்டா. கோச்சுக்காதீங்க."

"ஏன், என்ன ஆச்சு? நல்லா வர்றாளே."

"நல்லாத்தான் வர்றா. ஆனா வாரம் இருபத்திரண்டு பவுண்டு என்னால முடியல."

"எவ்வளவு?"

"இருபத்திரண்டு. போன மாசம் ஏத்தினாங்கல்ல. உங்களுக்குத் தெரியாதா? நீங்க சம்பளம் கூட்டிக் கேட்டீங்கன்னுதான் ஏத்தினதா மிஸ்டர் ப்யூ சொன்னாரே."

டெலித் பியானோ மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்தது பத்து. பெற்றோர் பதினைந்து கொடுப்பார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பன்னிரண்டும் எங்கே போகிறது என்று அந்த நிமிஷம் சுற்றிப் பார்த்தாள். பளிங்குத் தரை, வாசலில் பூச்சாடி, சுவரில் ப்யூ வெவ்வேறு கோட்டுகளில் சிரிக்கும் ஆறு படங்கள். எங்கேயும் போகவில்லை, எல்லாம் அங்கேயேதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சமையலறையில் ஐந்து பேர் கூடினார்கள். பியானோ மெர்வின், வயலின் நெரிஸ், டிரம்ஸ் கான்வி, கிட்டார் த்ரிஸ்டன், அப்புறம் டெலித். விஷயத்தைச் சொன்னதும் நெரிஸ் அழுதாள். அநியாயம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். மெர்வின் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் இளமையில் ஒருமுறை லண்டனில் வாசித்தவர். அதிலிருந்து முக்கியமான நேரங்களில் ஜன்னல் பக்கம்தான் நிற்பார்.

"நாமளே நடத்தலாம்" என்றாள் டெலித். "முதலாளி வேண்டாம். ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டுறவு. மத்த ஊர்கள்ல வாத்தியாருங்க செஞ்சிருக்காங்க."

"தலைவர் யாரு?" என்று ஜன்னலிடம் கேட்டார் மெர்வின்.

"சுழற்சி முறையில."

"ஓ" என்றார், சுழற்சி தன்னிடமிருந்து தொடங்கும் என்ற நம்பிக்கையோடு.

த்ரிஸ்டன் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனான். எங்கே போய் யோசித்தான் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. மற்ற நாலு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. குடும்பத்தின் நம்பிக்கையைக் குலைத்ததால் இனி அவர்களுடைய சேவை தேவையில்லை என்று எழுதி, கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொல்லியிருந்தார் ப்யூ. அதே வாரம் த்ரிஸ்டனின் சட்டையில் 'மூத்த பயிற்றுநர்' என்று ஒரு வில்லை ஏறியது. சம்பளம் ஏறவில்லை.

கூட்டுறவு இப்படித்தான் பிறந்தது. துணிச்சலால் பிறந்தது என்று பின்னால் மெர்வின் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னார். போக வேறு இடமில்லாததால் என்பதே சரி.

சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தின் பின்னறை மலிவாகக் கிடைத்தது. பழைய பாட்டுப் புத்தக வாசனையும் ஈரமும் சேர்ந்த அறை. ஒரே ஒரு ஹீட்டர், அதுவும் நாணயம் போட்டால்தான் எரியும். அங்கே நாலு முதலாளிகளும் கோட்டைக் கழற்றாமல் கூடி முதல் மூன்று வாரம் சங்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். மெர்வினுக்கு லத்தீனில் வேண்டும். நெரிஸுக்கு 'நம்பிக்கை' என்ற சொல் எங்காவது வர வேண்டும். மூன்றாவது வாரம் கான்வி முதல்முறையாக வாயைத் திறந்து, "ஹீட்டருக்குப் போட இன்னும் ஒரு காசுதான் இருக்கு" என்றான். ஆபெர்வென் இசை ஆசிரியர் கூட்டுறவு என்று ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

கட்டணம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

"இருபது" என்றார் மெர்வின். "அதுக்குக் கீழ போனா நம்மள மலிவுக் கடைன்னு நினைப்பாங்க."

"இருபதுன்னா எதுக்கு வெளிய வந்தோம்?" என்றாள் டெலித். "நான் ஷோனெட்டைக் கேட்டேன். எவ்வளவுன்னா முடியும்னு."

"பெத்தவங்ககிட்டயே கேட்டியா?" நெரிஸ் அதிர்ந்து போனாள். முப்பது வருஷத்தில் இசை ஆசிரியர் யாரும் செய்யாத காரியம் அது.

"கேட்டேன். பதினாலுன்னு சொன்னா. பதினஞ்சானா மகனுக்கு ரக்பி பூட்ஸ் கிடையாதாம்."

கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். பதினாலில் பதினொன்றரை ஆசிரியருக்கு. மிச்சத்தில் அறை, காப்பீடு, வாத்தியம் பழுது. பளிங்கு இல்லை, பூச்சாடி இல்லை, படத்தில் சிரிக்க ஆளில்லை. யாருக்கும் நம்ப முடியவில்லை. பிள்ளைக்கு எட்டு பவுண்டு குறைகிறது, வாத்தியாருக்கு ஒன்றரை பவுண்டு கூடுகிறது. இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று மெர்வின் மூன்று தடவை கணக்குப் போட்டார். ஒரு ஆள் நடுவில் இல்லை, அவ்வளவுதான். ஆளுக்கொரு வீட்டுப் பரணில் கிடந்த பழைய கிளாரினெட், வயலின்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாங்க முடியாத பிள்ளைகளுக்கு இரவல்.

ஜனவரியில் கதவைத் திறந்தார்கள். கேட்ரினும் இன்னும் எட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். வசதியுள்ள பெற்றோர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வக்கீல் மனைவி ஒருத்தி வாசலில் நின்று விசாரித்தாள்.

"பதினாலு பவுண்டா? அப்போ எல்லாச் சுரமும் சொல்லிக் கொடுப்பீங்களா, இல்ல பாதிதானா?"

"கருப்புக் கட்டைங்களுக்குத் தனிக் காசு" என்றான் கான்வி.

அவள் அதை நம்பி, தலையை ஆட்டிக்கொண்டே போனாள். கான்வியை இனி வாசல் பக்கம் விடுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

வசந்தகால இசைத் தேர்வு முடிவுகள் வந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. வாத்தியார்களும் அவர்களேதான், அவர்கள் திட்டும் திட்டும் அதேதான், பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணும் முன்பு போலவேதான். பளிங்குத் தரையில் நின்று வாசித்ததால் இத்தனை வருஷம் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடக் கூடவில்லை என்று தெரிந்துபோயிற்று. கேட்ரின் தேறினாள். வாத்துச் சத்தம் ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதையும் தேர்வாளர் 'துணிச்சலான வாசிப்பு' என்று எழுதியிருந்தார். வக்கீல் மனைவி இரண்டு பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றாள்.

ஆகஸ்டில் ப்யூ பேங்க் கட்டிடத்தைக் காலி செய்தார். பக்கத்து ஊரில் நாய்களுக்கு முடி வெட்டும் நிலையம் ஒன்று திறந்திருப்பதாகவும், வெட்டுகிறவர்களிடம் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் கேள்வி.

அதற்கு அடுத்த வாரம் த்ரிஸ்டன் பின்னறை வாசலில் வந்து நின்றான். வில்லை இல்லாத சட்டை, தோளில் கிட்டார். அன்றைக்கு நாலு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

"நான்தான் ப்யூகிட்ட சொன்னேன்" என்றான் எடுத்த எடுப்பில். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பயந்துட்டேன். இப்ப வேலை இல்ல. சேர்த்துக்குவீங்களா?"

வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. யாரும் அவனுக்குக் குடை கொடுக்கவில்லை.

கிட்டார் கேட்டு முப்பத்தொரு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்த ஊரில் வேறு கிட்டார் வாத்தியார் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

"வேலை கொடுக்கலாம். பங்கு கொடுக்க வேண்டாம்" என்றார் மெர்வின். அந்த மாதம் சுழற்சி அவரிடம் வந்திருந்தது. "நாம இங்க குளிர்ல விறைச்சுக்கிட்டிருந்தப்ப அவன் வில்லை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சான். ஓட்டு எதுக்கு? அரை மணிக்குப் பத்து. ப்யூ கொடுத்ததுதானே."

"ஒன்பதே போதும்" என்றாள் நெரிஸ், இந்த முறை கண்ணீர் இல்லாமல்.

டெலித்துக்கு அது இனித்தது. அதை அவளால் தன்னிடமே மறைக்க முடியவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் சேமிப்பைத் தின்று வாழ்ந்தது இவனால்தான். அவள் வீட்டுக் கூரை அப்போதிலிருந்து ஒழுகுகிறது. முப்பத்தொரு பிள்ளை, வாராவாரம், அவன் கூலி போக மிச்சம் என்று மனம் தானாகப் பெருக்கத் தொடங்கியது. காசைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்று பழகிய மனம் அது. இப்போது பெருக்கல் கணக்கில் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"பெத்தவங்ககிட்ட என்ன வாங்குவோம்?" என்று கேட்டான் கான்வி.

"பதினாலு. எல்லாருக்கும் போலத்தான்" என்றார் மெர்வின்.

"அவனுக்கு ஒன்பது. அறைக்கும் மத்ததுக்கும் ரெண்டரை. மிச்ச ரெண்டரை?"

நெரிஸ் தேநீர்க் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சரி, அப்போ ஒண்ணு செய்யலாம்" என்றான் கான்வி. "அந்த பேங்க் கட்டிடம் காலியாத்தான் இருக்கு. பளிங்கெல்லாம் அப்படியே இருக்கு. பேசி முடிச்சிடட்டுமா?"

மெர்வின் எழுந்தார். அந்த அறையில் ஜன்னல் இல்லை. திரும்பவும் உட்கார்ந்தார்.

டெலித்துக்குக் காது சூடாயிற்று. கான்வியின் மேல் கோபம் வந்தது. தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தவன் மேல் வரும் கோபம். பதினோரு வருஷம் ப்யூவைப் பொறுத்தவள், ப்யூவாக மாற எட்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. த்ரிஸ்டனை மன்னிக்கவும் மனமில்லை.

"பங்கு கொடுப்போம்" என்றாள். "எனக்கு அவன் மேல இரக்கம்லாம் இல்ல. கூலிக்கு வச்சா வேலையை முடிச்சுட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவான். ஜாலியா இருப்பான். பங்காளியாக்கினா நம்ம கூட்டத்துக்கெல்லாம் வந்து உட்காரணும். மெர்வின் பேசுறத முழுசாக் கேக்கணும். அதுக்கு மேல என்ன தண்டனை கொடுக்க முடியும் சொல்லுங்க."

நெரிஸ் சிரித்துவிட்டாள். "அது ரொம்பக் கொடுமை டெலித்."

"நான் பேசுறது அவ்வளவு மோசமா?" என்றார் மெர்வின். மூன்று கைகள் உயர்ந்தன. பதிவேட்டில் தான் மட்டும் தனியாகத் தெரிய வேண்டாம் என்று மெர்வினும் உயர்த்தினார்.

த்ரிஸ்டனை உள்ளே கூப்பிட்டு, ஒரு பவுண்டை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டையும் தேநீரையும் கொடுத்தார்கள். அவன் நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

"நன்றியெல்லாம் அடுத்த வாரம் சொல்லு, கூட்டம் முடிஞ்சப்புறம்" என்றாள் டெலித்.

அடுத்த வாரக் கூட்டம் மூன்றரை மணி நேரம் நடந்தது. பெரும்பகுதி, தேநீருக்குப் பிஸ்கெட் சங்கச் செலவா சொந்தச் செலவா என்பதில் போயிற்று. த்ரிஸ்டன் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததை டெலித் ஆற அமரப் பார்த்து ரசித்தாள். கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று மெர்வின் கேட்டபோது அவன் கையைத் தூக்கினான்.

"கிட்டாருக்கு ரெண்டு ரெண்டு பேரா எடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆளுக்கு எட்டு. அந்த அரை மணிக்கு நமக்கும் ரெண்டு பவுண்டு கூட வரும். பசங்களும் ஒருத்தனப் பாத்து ஒருத்தன் சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க. எட்டுன்னா கவுன்சிலோட மலிவு வாடகைக் குடியிருப்புலேர்ந்தும் அனுப்புவாங்க. எல்லா வாத்தியத்துக்குமே செய்யலாம்."

நல்ல யோசனை. இத்தனை மாதமாகத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் டெலித்தை உறுத்தியது. அதுவும் இவனுக்கா தோன்ற வேண்டும். இரண்டு கிளாரினெட் சேர்ந்தால் சுருதி கெடும் என்று எதிர்த்துப் பேசினாள். தான் பேசுவது தனக்கே அபத்தமாகக் கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஓட்டெடுப்பில் நாலுக்கு ஒன்று என்று தோற்றாள்.

செயலாளர் அவள்தான். ஆகவே அறிவிப்பை அவள் கையாலேயே எழுதி, மறுநாள் காலை மழையில் நனைந்துகொண்டு சேப்பல் கதவில் ஒட்டினாள். அவளுடைய எரிச்சல் தணிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் பதினேழு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். அதில் ஆறு பேர் கிளாரினெட்.